கறுப்புப் பட்டைக்குப் பிறகு வரும் ஐம்பது ஆண்டுகள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் மகனுக்கு வயது 19. ஏழு வயதில் கராத்தே வகுப்பில் சேர்ந்தான். இந்த ஆண்டு கறுப்புப் பட்டை வாங்கிவிட்டான். பி.காம். படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு முழுநேரக் கராத்தே மாஸ்டராகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஒரு கராத்தே ஆசிரியரின் வாழ்க்கை கடைசிவரை எப்படி இருக்கும்? அவன் போக்கில் விடலாமா?"

ஒரே வரியில் சொல்வதென்றால், கற்றுத்தர விடுங்கள், படிப்பை நிறுத்த விடாதீர்கள் என்பேன். ஆனால் அந்த ஒரு வரியை உங்கள் மகன் ஏற்றுக்கொள்ள மாட்டார். 19 வயதில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். அவரும் சேர்ந்து படித்தால் நல்லது.

நான் 1981இல், 14 வயதில், அல்சூரில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் மாலை வேளைகளில் நடந்த, ஷோட்டோகான் என்னும் கராத்தே பிரிவின் வகுப்பில் சேர்ந்தேன். மாதக் கட்டணம் 15 ரூபாய். அன்று எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் புரூஸ் லீதான் தெய்வம். அவர் பயின்றது கராத்தே அன்று என்பதுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என்னோடு சேர்ந்த முப்பது பேரில் ஆண்டு முடிவில் மிஞ்சியவர்கள் ஐந்து பேர். 1993 முதல் நான் கற்றுத்தருகிறேன். அதில் பெரும்பகுதிக் காலம் ஒரு தனியார் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டேதான் வகுப்பும் எடுத்தேன். கீழே எழுதுவது அந்த அனுபவத்திலிருந்தும், எங்கள் கலையின் முன்னோர்களைப் பற்றிப் படித்ததிலிருந்தும் வருவது.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'டான்' என்னும் தரவரிசை கராத்தேயில் பிறந்ததன்று. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883இல் தம் மாணவர்களுக்கு அதைத் தொடங்கினார். எங்கள் ஷோட்டோகான் பிரிவின் முன்னோடியான கிச்சின் ஃபுனாகோஷி 1924இல் அதைக் கராத்தேக்குக் கொண்டுவந்தார். கறுப்புப் பட்டையோடு கிடைக்கும் முதல் டானுக்குப் பெயர் 'ஷோடான்'. அதில் 'ஷோ' என்பதற்குத் தொடக்கம் என்று பொருள். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது, இனி நூலைப் படிக்கத் தொடங்கலாம் என்று சொல்வதைப் போன்றது அது. பெரும்பாலான அமைப்புகளில் அடுத்தடுத்த டானுக்கு இடையே குறைந்தபட்சக் காத்திருப்பு உண்டு: இரண்டாம் டானுக்கு இரண்டு ஆண்டு, மூன்றாம் டானுக்கு மேலும் மூன்று ஆண்டு, நான்காம் டானுக்கு மேலும் நான்கு ஆண்டு என்று அது போகும். உங்கள் மகன் ஒரு தேர்வில்கூடத் தோற்காமல் போனாலும் 21 வயதில் இரண்டாம் டான், 24இல் மூன்று, 28இல் நான்கு, 33இல் ஐந்து, 39இல் ஆறு, 46இல் ஏழு, 54இல் எட்டு என்று கணக்கு வரும். 'ஷிஹான்' (மூத்த ஆசிரியர்) என்று ஒருவரை மரியாதையாக அழைப்பது பெரும்பாலும் ஐந்தாம் டானுக்கு மேல்தான். இந்தக் கணக்கை அவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவசரப்பட்டு எதையும் விடத் தேவையில்லாத அளவுக்கு நீண்ட பாதை இது என்பது அதைப் பார்த்தாலே விளங்கும்.

அந்தப் பாதையில் முழுதும் நடந்து முடித்த ஒருவரை எடுத்துக்காட்டச் சொன்னால் நான் ஃபுனாகோஷியைத்தான் சொல்வேன். 1868இல், இன்று ஜப்பானின் தெற்கில் உள்ள ஒகினாவாத் தீவின் ஷுரியில் நோஞ்சான் குழந்தையாகப் பிறந்தவர். பள்ளித் தோழனின் தந்தையான அங்கோ அசாத்தோவிடம் கராத்தே கற்கப் போனார். அந்தக் காலத்தில் அங்கே இக்கலை வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. ஆகவே இரவில் கையில் விளக்கோடு நடந்து போய், ஆசிரியர் வீட்டு முற்றத்தில் பயின்றுவிட்டு, விடியும் வேளையில் வீடு திரும்புவார். கட்டா என்பது குத்து, உதை, தடுப்பு அசைவுகளை வரிசையாகத் தனியே செய்யும் பயிற்சி; தெக்கி என்னும் மூன்று கட்டாக்களைக் கற்க மட்டும் தமக்குப் பத்து ஆண்டுகள் ஆயின என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தெக்கியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குதிரை மேல் உட்கார்ந்தாற்போன்ற ஒரே நிலையில் இடமும் வலமும் மட்டுமே நகரும் சிறிய கட்டா அது. இன்று அதில் முதலாவதை எங்கள் பிள்ளைகள் சில மாதங்களில் 'முடித்து'விடுகிறார்கள். முடித்துவிட்டோம் என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது.

அவர் என்ன தொழில் செய்தார் என்பது உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. டோக்கியோவில் மருத்துவம் படிக்கத் தேர்வில் வென்றும், குடுமி வைத்தவர்களை அங்கே சேர்க்காததாலும், குடுமியை வெட்ட மறுத்த குடும்பத்தில் பிறந்ததாலும் அந்தப் படிப்பில் சேர முடியாமல் போனது. பிறகு 1888இல் அதே குடுமியை வெட்டிக்கொண்டு பள்ளி ஆசிரியரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையில் இருந்தபடியேதான் பயின்றார். 1922இல் கல்வி அமைச்சகம் நடத்திய உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ போனபோது அவருக்கு வயது 53. செய்துகாட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். கேட்டவர்கள் பலராக இருந்ததால் அங்கேயே தங்கினார். கற்றுத்தருவதை மட்டும் நம்பி வாழத் தொடங்கியது அப்போதுதான், வறுமையும் அப்போதுதான் வந்தது. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் சிறிய அறை கிடைத்தது. அதற்குப் பதிலாக விடுதியைப் பெருக்கினார், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், காவலும் இருந்தார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். பழைய தொப்பியையும் ஊரில் நெய்த மேலங்கியையும் அடகு வைக்கப் போனபோது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பணம் கிடைத்ததாகவும், அந்த அடகுக்கடை ஊழியரின் தம்பி தம்மிடம் பயில்பவர் என்று பிறகு தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். 1945இல் அவருடைய மகன் இறந்தார். ஷோட்டோகான் என்று பெயர் பெற்ற பயிற்சிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதற்குப் பிறகும் கற்றுத்தந்தார். 1957இல் 88 வயதில் மறைந்தார்.

இது அவர் ஒருவருடைய கதை மட்டுமன்று. அவருடைய இன்னோர் ஆசிரியரான அங்கோ இத்தோசு, ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இன்று வெள்ளைப் பட்டைக் குழந்தைகள் கற்கும் ஐந்து ஹெய்யான் கட்டாக்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்தவர் அவரே. ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ, கோஜூ-ரியூ என்பவை கராத்தேயின் மற்றப் பிரிவுகள். ஷிட்டோ-ரியூவை நிறுவிய கென்வா மபூனி காவல்துறையில் பணியாற்றியவர். வாடோ-ரியூவை நிறுவிய ஹிரோனோரி ஓட்சுகா வங்கி ஊழியராக இருந்தவர், பிறகு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியம் செய்தவர். கோஜூ-ரியூவின் சோஜுன் மியாகி வசதியான வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவர். சோற்றுக்கு ஒரு வழி, கலைக்கு ஒரு வழி என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டவர்கள்தான் நமக்கு இந்தக் கலையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படிப்பை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டாம் காரணத்தை என் மாஸ்டரிடமிருந்து கற்றேன். அவர் கோலார் தங்க வயலில் பிறந்து வேலைக்காகப் பெங்களூரு வந்தவர். ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுச் சற்றுப் படுத்து, ஐந்தரை மணிக்குப் பள்ளி முற்றத்துக்கு வந்துவிடுவார். நான் பிரவுன் பெல்ட் வாங்கியிருந்த காலத்தில் ஒருநாள், ஊருக்குப் போகும் அவசரத்தில் சாவி ஒன்றைக் கொடுப்பதற்காக விடியற்காலை நான்கே முக்காலுக்கு அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. "மொட்டைமாடியில இருக்காருப்பா" என்றார் அவர் வீட்டு அம்மா. ஏறிப் போனேன். மார்கழிப் பனியில் பழைய கம்பளிப் பனியனோடு அவர் கட்டா செய்துகொண்டிருந்தார். பெரிய கட்டாவாக இருக்கும், ஒளிந்து நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது ஹெய்யான் ஷோடான், ஐந்து ஹெய்யான் கட்டாக்களில் முதலாவது. வெள்ளைப் பட்டைக்காரன் முதல் தேர்வுக்குக் கற்கும், 21 அசைவுகள் கொண்ட கட்டா. முடித்தார், வணங்கினார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் நின்ற நேரத்தில் ஏழு முறை. எட்டாம் முறை என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணாவது திருப்பத்துல இடுப்பு இன்னும் பிந்துது" என்றார். அப்போது அவர் நான்காம் டான்.

எங்களுக்கு அவர் குத்தைச் சொல்லிக்கொடுத்த விதத்தையும் இங்கே எழுத வேண்டும். கராத்தேயில் குத்து தோளிலிருந்து வருவதன்று. பின்காலின் குதிகால் தரையை அழுத்த, அந்த அழுத்தம் முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏற, இடுப்பு திரும்ப, அதன் பிறகுதான் கை நீள வேண்டும். அதே கணத்தில் மற்றொரு கை விலாப்பக்கம் இழுபட வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். வாயால் நூறு முறை சொன்னாலும் குத்துகிறவனுக்குத் தன் குதிகால் எழும்புவது தெரியாது. மாஸ்டர் ஓர் அஞ்சலட்டையை எடுத்துவருவார். முன்காலை மடக்கி நிற்கும் நிலையில் எங்கள் பின்குதிகாலுக்கு அடியில் அதைச் செருகி, விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குந்தி உட்காருவார். ஜப்பானிய மொழியில் 'இச்' (ஒன்று) என்று எண்ணுவார், நாங்கள் குத்துவோம், அவர் மெல்ல இழுப்பார். அட்டை கையோடு வந்துவிட்டால் குதிகால் எழும்பிவிட்டது என்று பொருள். எனக்கு வலது காலில் ஆறு மாதம் அட்டை வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுத்த பையனிடம் போய்விட்டார்.

இப்போது, முழுநேர மாஸ்டராகப் போகிறவர் யாரும் எதிர்பார்க்காத ஆபத்தைச் சொல்கிறேன். கற்றுத்தருவது நம் சொந்தப் பயிற்சியைத் தின்றுவிடும். என் முப்பதுகளில் நான்கு இடங்களில் வகுப்பு நடத்தினேன்; ஏறக்குறைய 180 பிள்ளைகள். வேலை முடிந்ததும் வகுப்பு, ஞாயிறு முழுதும் வகுப்பு. தினமும் வெள்ளுடையில் இருந்ததால் தினமும் பயில்வதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். 2002இல் நான்காம் டான் தேர்வில் தோற்றேன். தேர்வாளர் சொன்னது ஒரே வாக்கியம்: "நீங்கள் கட்டா செய்யவில்லை, செய்துகாட்டுகிறீர்கள்." வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிள்ளைகளுக்கு உதையைக் காட்டும்போது எனக்கு வசதியான வலது காலாலேயே காட்டுவேன். பாதியில் நிறுத்தி விளக்குவேன். எல்லோருக்கும் புரியும்படி மெதுவாக, பாதி வலுவோடு செய்வேன். எட்டு ஆண்டுகள் உடம்பு கற்றுக்கொண்டது அந்தப் பாதி வலுவைத்தான். இடது கால் ஏறக்குறையப் புதிய மாணவனின் கால் போல ஆகியிருந்தது. ஆசிரியர்களில் இந்த நிலைக்கு வந்து, வந்தது தெரியாமலே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய டான் ஏறும், குரல் ஏறும். உடம்பு எப்போதோ நின்றுவிட்டிருக்கும். மறுவாரமே இரண்டு வகுப்புகளை மூத்த மாணவர்களிடம் ஒப்படைத்தேன். விடியற்காலை ஒரு மணி நேரத்தை யாருக்கும் தராமல் எனக்கென்று வைத்துக்கொண்டேன். வருமானம் குறைந்தது. மாதச் சம்பளம் இருந்ததால்தான் அந்த முடிவை எடுக்க முடிந்தது. வகுப்புக் கட்டணத்தை மட்டுமே நம்பியிருந்தால் வாடகைக்காகவே அந்த இரண்டு வகுப்புகளையும் தொடர்ந்திருப்பேன், கராத்தேக்காரனாக அங்கேயே முடிந்திருப்பேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பெங்களூருவில் ஒரு முழுநேர மாஸ்டருக்கு மூன்று வழிகளில் வருமானம் வரும்: பள்ளிகளில் ஒப்பந்த வகுப்பு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸில் வகுப்பு, சொந்தப் பயிற்சிக்கூடம். பள்ளி வகுப்பு ஏப்ரல், மே மாதங்களில் நின்றுவிடும். தேர்வுக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஒரு தனியார் பள்ளி எனக்கு ஏழு மாதச் சம்பளத்தைத் தராமலே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எழுத்தில் எதுவும் வாங்கி வைத்துக்கொள்ளாதது என் தவறு. குடியிருப்பு வகுப்பில் கட்டணம் நன்றாக வரும், ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். சொந்தக் கூடத்துக்கு வாடகைதான் எதிரி. வேலை நேரம் காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. ஊர் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள், வீட்டார் ஒன்றுகூடும் நேரத்தில் வெளியே இருப்பீர்கள். திருமணம் ஆனபின் இது சாதாரணப் பிரச்சினையன்று.

இந்த நெருக்கடியில்தான் பட்டை விற்பனை நுழைகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், புதிய பட்டைக்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்கு ஒரு கட்டணம் என்று வைத்துவிட்டால், யாரையும் தோற்கடிக்க மாஸ்டருக்கே மனம் வராது. எட்டு வயதுப் பிள்ளை கறுப்புப் பட்டையோடு நிற்கும் புகைப்படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்று பொய்யான நம்பிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. வேறு வருமானம் உள்ள ஆசிரியரால் "இன்னும் ஆறு மாதம் பொறு" என்று பெற்றோரிடம் தைரியமாகச் சொல்ல முடியும். அப்படிச் சொன்னதற்காக நான் பல பிள்ளைகளை இழந்திருக்கிறேன். இருந்தவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

இனி, கற்றுத்தருகிறவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது மனித உடம்பு. எங்கள் காலத்தில் குந்தியபடியே முற்றத்தைச் சுற்றித் தவளை போலத் தாவ வைத்தார்கள், கான்கிரீட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்க வைத்தார்கள். அது உறுதியைத் தரும் என்று நம்பித்தான் செய்தார்கள். அந்தத் தாவல் எங்களில் பலருடைய முழங்காலைக் கெடுத்தது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் மென்மையாக இருக்கும். பதின்பருவம் ஏறக்குறைய முடியும் வரை அவற்றின் மேல் திரும்பத் திரும்ப அடி விழக் கூடாது. ஆகவே குத்துப் பலகையான மகிவாராவைச் சிறு பிள்ளைகளுக்கு நான் காட்டுவதே இல்லை. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளை முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிக்கிறது என்றால் சோம்பல் என்று திட்டாமல் உதையையும் தாவலையும் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காற்றில் உதைக்கும்போது முழங்காலை முழுதாகப் பூட்டிவிடாமல் நூலளவு முன்னால் நிறுத்திச் சுண்டி இழுக்கப் பழக்க வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறிய பிள்ளையை, "ஒன்றுமில்லை மாஸ்டர்" என்று அவனே சொன்னாலும், அன்று மறுபடி சண்டைக்கு இறக்கக் கூடாது. இதெல்லாம் எந்தப் பட்டைத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. உங்கள் மகன் உடற்கல்விப் பட்டமோ உடலியக்கம் சார்ந்த படிப்போ படித்தால் இந்த அறிவு முறையாகக் கிடைக்கும்; பி.காமை முடித்துவிட்டு அதற்குப் போகலாம்.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. போட்டிகள் 2021 ஆகஸ்டில் நிப்பான் புடோகான் அரங்கில் நடந்தன. 2024 பாரிஸில் அது இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலீஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டுகளில் 1994 முதல் உண்டு. ஆகவே ஒலிம்பிக்கை மட்டும் கனவாக வைத்துப் படிப்பை விடுவது சரியான கணக்கன்று. குமித்தே என்னும் சண்டைப் போட்டியில் குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்கு எழும் உதைக்கு மூன்று. மூன்று நிமிடத்தில் வேகம்தான் எல்லாம், அந்த வேகம் முப்பதை ஒட்டிக் குறையத் தொடங்கும். கட்டா அப்படியன்று. டோக்கியோவில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. இந்தியாவில் கராத்தே அமைப்புகள் பல உள்ளன, ஒன்றின் சான்றிதழை மற்றொன்று ஏற்பதில்லை. எந்தப் போட்டிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை நடத்துவது யார், அந்தச் சான்றிதழுக்கு எங்கே மதிப்பு என்று விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தமிழர்கள் நடுவில் கற்றுத்தரும் எவரிடமும் தவறாமல் வரும் ஒரு கேள்வி உண்டு: கராத்தேயைக் கொடுத்தது காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே? பெருமையாகத் தலையாட்டிவிடலாம்; ஆனால் ஆசிரியர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் தென்னிந்தியாவிலிருந்து சீனா சென்றவர் என்ற செய்தி பழையது. ஷாவோலின் சண்டைக்கலையை அவரோடு இணைக்கும் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டது. கராத்தே, ஒகினாவாவில் 'தே' (கை) எனப்பட்ட பழைய சண்டைக்கலையும் தென்சீனத்தின் ஃபூஜியான் பகுதிக் கலைகளும் கலந்து உருவானது. தொடக்கத்தில் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தில்தான் அதன் பெயரை எழுதினார்கள். 1936இல் நாஹாவில் கூடிய ஆசிரியர்கள் 'வெறுங்கை' என்ற எழுத்தை ஏற்றார்கள். நம்முடைய பெருமைக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் இருக்கின்றன. அவற்றையும் பயிலச் சொல்வேன்.

இவ்வளவு கஷ்டத்தையும் சொல்லிவிட்டு, கற்றுத்தர விடுங்கள் என்று ஏன் தொடங்கினேன் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் ஜப்பானிய மொழியில் இருக்கும்: இச், நி, சான், ஷி, கோ. அது எவருடைய தாய்மொழியும் இல்லை என்பதால் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி நகரத்தில் கலவரம் மூண்டபோது வகுப்பு நின்றுபோனது. ஊர் அடங்கி மறுபடி தொடங்கிய முதல் நாள், மாஸ்டர் எந்த விளக்கமும் சொல்லாமல் எங்களை, ஒருவர் ஓர் அடி அடிக்க மற்றவர் தடுக்கும் இப்போன் குமித்தேக்கு ஜோடி சேர்த்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தமிழ்ப் பையன், ஒரு கன்னடப் பையன். முழு வேகத்தில் முகத்தை நோக்கிப் பாயும் முஷ்டி, தடுக்கத் தவறினால் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் நிற்க வேண்டும் என்பது விதி. என் எதிரே நின்றவன் சிவாஜிநகர்ப் பக்கத்திலிருந்து வருபவன். அன்று எனக்குத் தடுப்பு பிந்திவிட்டது. அவன் முஷ்டி என் மூக்கின் முன்னால் நின்றது. இருவரும் வணங்கினோம், முறை மாற்றிக்கொண்டோம். அவனும் இன்று ஆசிரியனாக இருக்கிறான். அவன் மகள் என்னிடம்தான் முதல் டான் எடுத்தாள். இப்படிப்பட்ட ஒரு மாலையை உண்டாக்கித் தரும் வேலை வேறு எதிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

எனவே உங்கள் மகனுக்கு நான் சொல்வது இது. அடுத்த ஓராண்டு, அவருடைய மாஸ்டருக்குக் கீழே உதவி ஆசிரியராக வாரத்தில் மூன்று மாலை நிற்கட்டும். கடைசி வரிசையில் நிற்கும் வெள்ளைப் பட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இடது வலது தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு ஹெய்யான் ஷோடானைக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் தனக்குப் பொறுமை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதலுதவிப் பயிற்சி ஒன்று பெறட்டும். நடுநிலைப் பள்ளி முதல் மேல்நிலை வரை அரசுப் பள்ளி மாணவியருக்கு மத்திய அரசின் சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தரப்படுகிறது. அதுபோன்ற வகுப்புகளுக்கு உதவியாளராகப் போனால், குறுகிய காலத்தில் எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது என்று விளங்கும். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் தன் பயிற்சியைத் தனியாகச் செய்யட்டும். இவை எல்லாவற்றையும் செய்துகொண்டே பி.காம். முடித்த பிறகும் முழுநேரமாகப் போக வேண்டும் என்று கேட்டால், அப்போது தடுக்காதீர்கள்.

என் மாஸ்டர் 2021இல் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், எனக்கு 52 வயதாகி ஆறாம் டான் தேர்வு நெருங்கியிருந்த நேரத்தில், அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டா செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். பேரனிடம் மேசை மேலிருந்த ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துவரச் சொல்லி, குனிந்து என் வலது குதிகாலுக்கு அடியில் செருகி, "இச்" என்றார். குத்தினேன். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "சரி தம்பி, இடது காலைப் பின்னால வை" என்றார்.